விடுமுறைக்கு நண்பர்கள் வருகிறார்களா? கேரி தீவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

ஜூன் பிறந்ததும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் பரபரப்பு தொடங்கிவிடும். லண்டனிலோ டப்ளினிலோ படிக்கும் பிள்ளை கோடை விடுமுறைக்கு வீடு திரும்புகிறது. தனியாக வருவதில்லை. கூடப் படிக்கும் நண்பர்கள் இரண்டு மூன்று பேரும் பின்னாலேயே வருகிறார்கள். வெயில், கடல், தென்னை, டுரியான் என்று அவர்கள் மனத்தில் ஒரு வெப்பமண்டலப் படம் இருக்கிறது. அம்மா விருந்தினர் அறைக்குப் புதுப் படுக்கை விரிப்பு வாங்குகிறார். "காரமில்லாமல் என்ன சமைப்பது?" என்று பாட்டி கவலைப்படுகிறார்.

எங்கே அழைத்துப் போவது என்பதற்குப் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான். முதல் நாள் இரட்டைக் கோபுரம். இரண்டாம் நாள் பத்துமலையின் 272 படிகள், திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. பிறகு லங்காவி, இல்லையென்றால் பெர்ஹெந்தியான். ஜூன், ஜூலையில் கிழக்குக் கரைக் கடல் அமைதியாக இருக்கும். டுரியான் பருவமும் அப்போதுதான். இந்தப் பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எப்படியும் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அந்தக் கேள்வி வரும். "உங்கள் குடும்பம் இந்த நாட்டுக்கு எப்படி வந்தது?" நம் பிள்ளைகள் பலரிடம் இதற்கு ஒற்றை வரிப் பதில்தான் இருக்கிறது: "தாத்தா எஸ்டேட்டில் வேலை செய்தார்." எந்த எஸ்டேட், அங்கே என்ன வேலை, அந்த இடம் இப்போது இருக்கிறதா என்று அடுத்த கேள்வி வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தப் பேச்சைத் தொடர ஓர் இடம் கோலாலம்பூரிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது.

துரையின் பெயரில் ஒரு தீவு

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியில் தெலுக் பங்லிமா காராங். அங்கே பிரிந்து லங்காட் ஆற்றின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் கேரி தீவு. பாலம் இருப்பதால் தீவுக்குள் நுழைந்ததே பலருக்குத் தெரிவதில்லை. சட்டென்று இருபுறமும் செம்பனை வரிசைகள் சூழ்ந்துகொள்ளும். வெளிச்சம் குறையும், வெப்பமும் கொஞ்சம் தணியும். கண்ணுக்கு எட்டிய வரை ஒரே மரம், ஒரே இடைவெளி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நிலம் பெற்றுத் தோட்டம் போட்ட ஆங்கிலேயர் எட்வர்ட் வேலன்டைன் கேரி. அவர் பெயரே தீவுக்கு நிலைத்துவிட்டது. தாழ்வான சேற்று நிலம் இது. கரையோரம் மண் அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, கடல்நீர் ஏறாமல் காத்துத்தான் பயிர் செய்ய முடியும். இன்றும் தீவின் பெரும்பகுதி தோட்ட நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

வாய்க்கால் வெட்டி, காடு அழித்து, மரம் நட்டவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். கங்காணி ஊருக்குப் போய் ஆள் பிடிப்பார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு, அல்லது போர்ட் சுவெட்டன்ஹம். இந்தப் போர்ட் சுவெட்டன்ஹம்தான் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. நம் தாத்தாக்கள் இறங்கிய துறைமுகமும் அவர்கள் உழைத்த தோட்டமும் அடுத்தடுத்துதான் இருக்கின்றன. திறன் சாராத் தொழிலாளர்களை உதவிப் பயணமாக மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. அதற்குள் இங்கே ஒரு சமுதாயமே வேர் பிடித்துவிட்டது. லயம், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, பெரட்டு, கிராணி, மண்டோர் என்று அதற்கென ஓர் உலகமும் சொல்வழக்கும் உருவாகின.

சைக்கிளும் விருந்தாளியும்

வார இறுதியில் கேரி தீவின் சாலைகளில் சைக்கிள் ஓட்டிகளைப் பார்க்கலாம். நிழலான, சமமான பாதை. வெளிநாட்டு நண்பர்களுக்கு இது பிடிக்கும். அவர்கள் சைக்கிளில் ஏறும் முன் ஒரு செய்தியைச் சொல்லுங்கள்.

1941-ஆம் ஆண்டு மார்ச் தொடங்கி மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை தாங்கியவர் ஆர்.எச். நாதன். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை வழிநடத்தியவர். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சம்பளம் இருந்தது. சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தமிழருக்கும் வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு, முறையான மருத்துவம், பெண்களிடம் தவறாக நடப்பதற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுவது ஆகியவையும் இருந்தன. இன்று படித்தால் வியப்பூட்டும் இரண்டு கோரிக்கைகளும் அதே பட்டியலில் உண்டு.

ஒன்று: தோட்ட அதிகாரிகள் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டிய வழக்கம் ஒழிய வேண்டும்.

இரண்டு: உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்து போக வேண்டும்.

இரண்டாவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லயத்து வீடு தொழிலாளியுடையது அல்ல. பாதையும் அவருடையது அல்ல. தங்கை வீட்டுக்காரர் வந்தாலும் பக்கத்து ஊர் நண்பர் வந்தாலும் தோட்டத்து வாசலைத் தாண்ட நிர்வாகத்தின் தயவு வேண்டும். விருந்தோம்பலைக் குறளில் ஓர் அதிகாரமாகவே படித்த சமுதாயம், விருந்தாளி வீட்டுக்கு வருவதைக் கோரிக்கையாக எழுதி வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். தொழிலாளர்கள் கொதித்தார்கள். மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு ராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பலர் சிறைப்பட்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்தார்கள். சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டத் தமிழர்களைக் கொண்டுபோன துயரம் அதைத் தொடர்ந்தது. 1941-இன் கதை பின்னுக்குப் போய்விட்டது.

இதை நண்பர்களிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதியுங்கள். சுற்றிப் பார்ப்பது போலவே இருக்கும், ஆனால் அதே சாலை உங்களுக்கும் அவர்களுக்கும் வேறாகத் தெரியும்.

நமக்கு முன்பே இருந்தவர்கள்

கேரி தீவின் கதை கேரியோடும் நம்மோடும் தொடங்கவில்லை. மா மெரி மக்கள் இங்கே முன்பே வாழ்ந்தவர்கள். தீபகற்ப மலேசியாவின் ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடிப் பிரிவுகளில் ஒன்று. மலாய் மொழியோடு உறவில்லாத அவர்களின் தாய்மொழி பெசிசி, ஆஸ்ட்ரோ-ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பேசுவோர் குறைந்து வருவதால் அழியும் ஆபத்திலுள்ள மொழிகளின் வரிசையில் அது வைக்கப்பட்டிருக்கிறது.

தீவிலுள்ள அவர்களின் கிராமங்களில் வருகையாளர் அதிகம் போவது சுங்கை பும்புன். 2011-இல் திறக்கப்பட்ட மா மெரி பண்பாட்டுக் கிராமம் அங்கேதான் இருக்கிறது. ஆண்கள் மரம் செதுக்குகிறார்கள். அலையாத்திக் காட்டில் வளரும் ஞிரே பத்து என்ற செந்நிறக் கடினமரத்தில் முன்னோர் ஆவிகளின் உருவங்கள் பிறக்கின்றன. ஒரே மரத்துண்டில், ஒட்டு இல்லாமல், சங்கிலி வளையங்களோடு செதுக்கப்படும் புலி உருவம் பெயர்பெற்றது. மா மெரி சிற்பங்கள் யுனெஸ்கோவின் தரச் சான்று பெற்றவை. பெண்கள் தாழை ஓலையில் பையும் பாயும் பின்னுகிறார்கள். நீப்பா ஓலையை மடித்து அவர்கள் செய்யும் பூவையும் பறவையையும் பார்த்தால், கோயில் திருவிழாவில் தென்னங்குருத்துத் தோரணம் மடிக்கும் நம் கைகள் நினைவுக்கு வரும்.

ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் கொண்டாடும் பெருநாள் 'ஹரி மோயாங்'. மோயாங் என்றால் முன்னோர். முகமூடி அணிந்து ஆடும் 'மாயின் ஜோ-ஓ' ஆட்டமும் அந்த நம்பிக்கையின் பகுதியே. குலதெய்வத்துக்குப் படையல் போடும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஓராங் அஸ்லி மக்களின் நிலவுரிமை இன்னும் தீராத கேள்வி. நண்பர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருகிறீர்களே, அதே சுற்றுவட்டாரத்தில், டெங்கில் அருகே, விமான நிலையத்துக்கான நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. சகோங் தாசி என்ற பெரியவரும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். மரபாக வாழ்ந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேரி தீவிலோ, மூன்றாவது துறைமுகம் ஒன்றைக் கட்டும் பெருந்திட்டம் 2017 முதல் பேசப்பட்டு வருகிறது. அது வந்தால் கரையும், அலையாத்திக் காடும், மீன்பிடித்து வாழ்பவர்களும் என்ன ஆவார்கள் என்பது தீவில் கேட்க வேண்டிய கேள்வி.

இன்று குலை வெட்டுவது யார்?

செம்பனைத் தோப்பில் நீண்ட கழியின் முனையில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுபவரை நண்பர்கள் பார்ப்பார்கள். அவர் தமிழராக இருப்பது இன்று அரிது. வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் என்று எங்கிருந்தோ கடன் வாங்கி வந்த இளைஞராக இருக்கலாம். நம் குடும்பங்கள் தோட்டத்தைவிட்டுக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நகர்ந்துவிட்டன. சில குடும்பங்கள் விரும்பிப் போயின. பல குடும்பங்கள் தோட்டம் துண்டாடப்பட்டோ விற்கப்பட்டோ வெளியேற்றப்பட்டன.

தீவின் பெரும் நிலவுடைமையாளரான, அப்போது சைம் டார்பி பிளாண்டேஷன் எனப் பெயர்கொண்டிருந்த நிறுவனத்தின் செம்பனை எண்ணெயை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் கூறி 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்தது. நிறுவனம் சீர்திருத்தங்கள் செய்த பிறகு 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. கடப்பிதழை யார் வைத்திருப்பது, கடனை யார் அடைப்பது, வெளியே போக அனுமதி உண்டா என்பவை இப்படிப்பட்ட விசாரணைகளில் எழும் கேள்விகள். 1941-இன் பட்டியலுக்கும் இவற்றுக்கும் அதிகத் தூரமில்லை. நண்பரின் ஊரில் அவர் வாங்கும் பிஸ்கட்டிலும் சோப்பிலும் செம்பனை எண்ணெய் இருக்கிறது. ஆகவே இது உங்கள் தாத்தா கதையாக மட்டும் நிற்காது. அவருக்கும் இதில் பங்கு உண்டு.

போவதற்கு முன்

காலையிலேயே கிளம்புங்கள். ரயிலில் கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளான் வரை வரலாம். அதற்கு மேல் கார் தேவை. வாடகைக் காரில் போவதாக இருந்தால் திரும்பும் பயணத்தையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், தீவுக்குள் கார் கிடைப்பது எளிதல்ல. பண்பாட்டுக் கிராமத்துக்கு முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஆட்டம் எல்லா நாளும் இருக்காது.

தோப்புகள் தனியார் நிலம். பொதுச் சாலையைவிட்டு உள்ளே இறங்க வேண்டாம். குலை விழுந்தால் தலை தாங்காது, லோரிகளும் வேகமாக வரும். மா மெரி கிராமத்தில் படம் எடுக்கும் முன் கேளுங்கள். கைவினைப் பொருளைச் செய்தவரிடமே வாங்குங்கள், அடித்துப் பேரம் பேசாதீர்கள். ஒரு சிற்பத்துக்குப் பின்னால் பல நாள் உழைப்பு இருக்கிறது. கொசு மருந்து, தண்ணீர், குடை மூன்றும் கட்டாயம். மதியச் சாப்பாட்டுக்கு ஆற்றோரக் கடல் உணவுக் கடைகள் உண்டு. நேரம் மிஞ்சினால் பந்திங் பக்கம் ஜுக்ரா குன்றேறிக் கடலையும் லங்காட் ஆற்றையும் சேர்த்துப் பாருங்கள். சிலாங்கூர் சுல்தான்களின் பழைய அரச நகரம் அது.

காரில் ஓர் இடத்தை மட்டும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பிறந்த பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் அந்த இடம் அவருக்கு. அவர் வளர்ந்தது கேரி தீவாக இல்லாமல் பத்தாங் பெர்ஜுந்தாயாகவோ சுங்கை சிப்புட்டாகவோ இருக்கலாம், பரவாயில்லை. பெரட்டு மணி எத்தனை மணிக்கு அடிக்கும், மங்கில் பால் எப்படிச் சொட்டும், காண்டா வாளியைத் தோளில் சுமந்தால் எங்கே வலிக்கும், ஆயாக் கொட்டகையில் குழந்தையைவிட்டுப் போகும்போது மனம் என்ன பாடுபடும் என்பதை எந்தக் கையேடும் சொல்லாது. பாட்டிக்கு ஆங்கிலம் வராது என்றால் இன்னும் நல்லது. பேரப்பிள்ளை மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். மொழிபெயர்க்க வேண்டுமென்றால் முதலில் அதுவும் உட்கார்ந்து கேட்டாக வேண்டுமே.