உத்தியோகமும் உளவியற் பட்டமும்

தில்லி, மும்பை, கொல்கத்தா, அகமதாபாத் முதலிய நகரங்களில் உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறியுள்ள தமிழ் அன்பர்களிடையே, நாற்பது வயதை எட்டும்போது ஓர் ஆசை தலைகாட்டுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். குழந்தைகள் ஓரளவு வளர்ந்துவிடுகின்றனர். அலுவலக வேலை கைக்குப் பழகிப் போகிறது. இனியேனும் மனத்துக்குப் பிடித்த ஒன்றைப் படிப்போமே என்று தோன்றுகிறது. அவ்வாறு விழைவோருள் கணிசமானவர்கள் நாடும் துறை உளவியல். மனோதத்துவம் என்று முன்பு நாம் வழங்கிவந்த அதே சாஸ்திரந்தான்.

இவர்களுள் இரு சாரார் உண்டு. தம் மனத்தையும் தம்மைச் சூழ்ந்தோர் மனத்தையும் அறிந்துகொண்டால் போதும் என்பவர்கள் ஒரு சாரார். ஓய்வு பெற்றபின் மனநல ஆலோசகராக அமர்ந்து நாலு பேருக்கு உதவ வேண்டும், அதில் கௌரவமான வருவாயும் கிடைக்க வேண்டும் என்பவர்கள் மற்றொரு சாரார். இருவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: வேலையை விடாமல், வீட்டிலிருந்தபடியே, இணையவழியில் இப்பட்டத்தைப் பெற இயலுமா? இக்கேள்விக்கு 2024-ஆம் ஆண்டில் நாம் கூறியிருக்கக்கூடிய விடை வேறு. 2025-ஆம் ஆண்டுக்குப் பின் கூற வேண்டிய விடை வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் பணம் கட்டிவிடுவோர் உளர் ஆதலின், இதனைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம் நாட்டுப் பல்கலைக் கழகங்களில் உளவியல் தனித்துறையாக முதன்முதலில் இடம்பெற்றது 1916-ஆம் ஆண்டில், கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில். அத்துறையின் தலைவராக அமர்ந்தவர் நரேந்திரநாத் சென்குப்தா. ஆய்வுக்கூடமும் கருவிகளும் சோதனைகளுமாகவே அப்படிப்பு தொடங்கிற்று என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எழுந்த சிக்கலுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது. வேலையிலிருப்போர் பட்டம் பெறுவதற்கான வழியோ வேறிடத்திலிருந்து வந்தது. 1962-இல் தில்லிப் பல்கலைக் கழகம் தபால் மூலக் கல்வியைத் தொடங்கியது. 1985-இல் பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாக இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் தோன்றியது. அப்பல்கலைக் கழகம் 2001-இல் ‘ஞானவாணி’ என்னும் கல்வி ஒலிபரப்பையும் தொடங்கிற்று என்பது வானொலியன்பர்களாகிய நமக்குத் தனி மகிழ்ச்சி தருவது.

அப்பல்கலைக் கழகம் நடத்திவந்த உளவியல் எம்.ஏ. வகுப்பையே எடுத்துக்கொள்வோம். நாடெங்கும் உத்தியோகஸ்தர்களும் இல்லத்தரசிகளும் பெருவாரியாக நாடியது அது. மொத்தம் 64 கிரெடிட்டுகள். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது அங்குள்ள கணக்கு. ஆகவே பட்டத்துக்கு 1,920 மணி நேரம். இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டுமானால் வாரத்துக்குப் பதினெட்டு மணிக்கு மேல், அதாவது விடுமுறை நாள் உட்பட நாள்தோறும் இரண்டரை மணிக்குச் சற்று அதிகமாகவே உழைக்க வேண்டும். நான்கு ஆண்டு வரை அவகாசம் உண்டாதலின், நிதானமாகச் செல்பவர்க்கு இது பாதியாகக் குறையும். காலையில் மின்சார ரயிலில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி பிரயாணம் செய்யும் மும்பை அன்பர்கள் இக்கணக்கைக் கேட்டுப் பெருமூச்சு விடுவது நமக்குத் தெரிகிறது.

ஆயினும் புத்தகப் படிப்பு அன்று, வேலையிலிருப்போரைத் திணறச் செய்தது. வீட்டிலிருந்து எழுதியனுப்பும் பயிற்சிக் கட்டுரைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதிவிடலாம். ஜூன், டிசம்பர் மாதப் பரீட்சைகளுக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். முதலாண்டில் வரும் செய்முறைப் பயிற்சியும், இரண்டாம் ஆண்டில் மருத்துவமனையிலோ பள்ளியிலோ தொழிற்சாலையிலோ ஒருவரது மேற்பார்வையில் செய்ய வேண்டிய களப்பயிற்சியுமே கடினமானவை. அவை நடக்கும் நேரமும் அலுவலக நேரமும் ஒன்றே. ‘வீட்டிலிருந்தபடியே பட்டம்’ என்னும் விளம்பரச் சொல் இவ்விடத்தில்தான் பொய்த்துப் போயிற்று. அடுத்தவர் துன்பத்தைக் கேட்கப் பழகுவதை அவர் எதிரில் அமர்ந்துதானே கற்க வேண்டும்?

இக்காரணமே 2025-ஆம் ஆண்டின் ஆணைக்கும் அடிப்படையாயிற்று. 2021-இல் பாராளுமன்றம், துணைமருத்துவ, உடல்நலத் தொழிற்றுறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின் அட்டவணையில் உளவியலாளர் தொழிலும் இடம்பெற்றது. அதன் விளைவாக, 2025 ஜூலை-ஆகஸ்டு பருவம் முதற்கொண்டு, உளவியல், நுண்ணுயிரியல், ஊட்டச்சத்தியல் முதலிய பாடங்களில் தொலைநிலைக் கல்வியாகவோ இணையவழியாகவோ புதிய மாணாக்கரைச் சேர்க்கலாகாது என்று பல்கலைக் கழக மானியக் குழு கல்வி நிலையங்களுக்கு அறிவித்தது. பல பாடங்கள் சேர்ந்த பி.ஏ. பட்டமாயின், அதிலுள்ள உளவியல் பிரிவு மட்டுமே நீக்கப்படும். வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் போன்ற பிரிவுகளுக்கு இதனால் இடையூறில்லை. ஆகவே, இதன் பின்னரும் உளவியற் பட்டம் இணையவழியில் தருகிறோம் என்று எவரேனும் கூவி அழைத்தால், நேயர்கள் பணப்பையைத் திறக்குமுன் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத்து இணையப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது நலம். அப்பருவத்தில் எந்நிலையம் எப்பாடத்தை நடத்த அனுமதி பெற்றுள்ளது என்னும் பட்டியல் அங்கே வெளியாகிறது.

இவ்வாணை நியாயமானதா? நம் அபிப்பிராயம் இது. மனம் நொந்து வருபவர் ஒருவரின் எதிரில், மேற்பார்வையில் ஒரு நாளும் பயிலாத ஒருவர் பட்டத்தை மட்டும் சுவரில் மாட்டிக்கொண்டு அமர்வது தகாது. அவ்வளவில் ஆணை நியாயமே. ஆனால் முன் சொன்ன இரு சாராருள், அறிவின் பொருட்டே படிக்க வந்த முதல் சாராரின் கதவும் இதனால் சேர்த்தே அடைபட்டுவிட்டது. பகல் நேரக் கல்லூரிக்குப் போக இயலாத குமாஸ்தாவும், வீட்டுப் பொறுப்புகளால் கட்டுண்ட பெண்மணியும் இனி எங்கே போவார்கள்? தொழில் செய்யும் உரிமை தராத, அறிவுக்கு மட்டுமான ஒரு பட்டத்தை விட்டுவைத்திருக்கலாம். அன்றேல் மாலைநேரக் கல்லூரிகளில் இப்பாடத்தைப் பெருக்கியிருக்கலாம். இரண்டும் செய்யாமல் கதவை அடைத்தது குறையே.

முன்னரே பட்டம் பெற்றவர்கள் கலங்க வேண்டுவதில்லை. 2020-ஆம் ஆண்டின் விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிலையம் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்கிய பட்டம், வகுப்பில் அமர்ந்து பெற்ற பட்டத்துக்கு நிகரானது. ஏதேனுமொரு பட்டம் போதும் என்று கேட்கும் பதவிகளுக்கும், ஊழியர் நலம், கல்வி, சமூகத் தொண்டு போன்ற பணிகளுக்கும் அது துணை செய்யும். ஆனால் அப்பட்டத்தைக் கொண்டு ஒருவர் தம்மை மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளல் ஆகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இச்சொல்லுக்கு வரையறை கூறுகிறது: இந்திய மறுவாழ்வுக் குழு ஏற்ற மருத்துவ உளவியல் தகுதி வேண்டும், அல்லது எம்.ஏ.வுக்கு மேல், நோயாளிகளிடையே மேற்பார்வையுடன் கூடிய இரண்டாண்டு முழுநேரப் பயிற்சியால் பெற்ற, அக்குழு ஏற்ற எம்.பில். பட்டம் வேண்டும். மறுவாழ்வுக் குழுவின் 1992-ஆம் ஆண்டுச் சட்டமோ, பதிவு பெறாமல் இத்தொழில் புரிவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. ஆறு மாதச் சான்றிதழைக் காட்டி ‘சிகிச்சை நிபுணர்’ என்று பலகை மாட்டுவோரை நகரங்களில் காண்கிறோம். அவ்வழியில் நம் அன்பர்கள் செல்ல வேண்டா.

மத்திய அரசு ஊழியர்களுள் சிலர், படிப்பு விடுப்புப் பெற்று நேர்வகுப்பில் சேர்ந்தால் என்ன என்று கேட்கின்றனர். 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின்படி, உத்தியோக காலம் முழுவதிலும் 24 மாதம் வரை அவ்விடுப்பு கிடைக்கலாம். ஆனால் படிக்கும் பாடம் பார்க்கும் வேலையோடு நெருங்கிய நேரடித் தொடர்புடையதாயிருக்க வேண்டும். கணக்குப் பிரிவில் பணிபுரிபவர் உளவியலுக்கு இத்தொடர்பை மெய்ப்பிப்பது எளிதன்று. அலுவலக நேரத்துக்கு வெளியே படிப்பவரும் முன்னதாகவே தம் மேலதிகாரிக்கு எழுதித் தெரிவித்து அனுமதி பெற்றுக்கொள்வது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

அறிவின் பொருட்டுப் படிப்பவர்க்கு இப்போது திறந்திருக்கும் நல்ல வழி, 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ‘ஸ்வயம்’ என்னும் இணையக் கல்வித் தளம். நம் நாட்டின் தலைசிறந்த நிலையங்களின் ஆசிரியர்கள் நடத்தும் உளவியற் பாடங்கள் அதில் உள்ளன. கேட்பதற்குக் கட்டணமில்லை, சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் பரீட்சைக் கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். இது பட்டமாகாது. ஆயினும் ஒரு பாடத்தை முழுதாகக் கேட்டு முடித்தவர், இத்துறை தமக்கு ஒத்துவருமா என்பதைப் பெருஞ்செலவின்றி அறிந்துகொள்கிறார். நேர்வகுப்பில் சேர எண்ணுவோர்க்குங்கூட முதலில் இதைச் செய்யுமாறே நாம் சொல்வோம்.

இனி, வயதைப் பற்றிய அச்சம். இளமையில் ஏறியது இப்போது ஏறுமா என்று தயங்குவோர்க்கு உளவியலே விடை கூறுகிறது. அமெரிக்க அறிஞர் தார்ன்டைக், வயதுவந்தோர் கற்றலைப் பற்றி 1928-இல் ஒரு நூல் வெளியிட்டார். கற்கும் திறன் இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையே உச்சத்தை எட்டுகிறது. அதன்பின் நாற்பது வயதைத் தாண்டும் வரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவிகிதமே குறைகிறது என்பது அவர் கண்ட முடிவு. சொல்வளமும் அனுபவ அறிவும் வயதோடு பெருகுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

மறதியைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட சோதனை இன்னும் சுவையானது. பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, சிறிது காலம் விட்டு மீண்டும் படித்து, இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாயிற்று என்று அவர் அளந்தார். 20 நிமிடம் கழித்துப் படித்தபோது 58 சதவிகிதம் மிச்சமாயிற்று. ஒரு நாள் கழித்து ஏறத்தாழ 34 சதவிகிதம். 31 நாள் கழித்து 21 சதவிகிதம். முதல் நாளிலேயே பெரும்பகுதி நழுவிவிடுகிறது. அதன்பின் நழுவுவது மெதுவே. பொருளுள்ள பாடம் இவ்வளவு விரைவில் மறவாது என்றாலும், இரவில் படித்ததை மறுநாளே ஒரு முறை புரட்டுவதன் பயன் இதிலிருந்து விளங்கும். அவ்வாறு புரட்டுவதிலும் ஒரு முறை உண்டு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் மாணாக்கரைக் கொண்டு நடத்திய சோதனையில், மீண்டும் மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து முந்தினர். நெரிசல் மிக்க ரயிலில் புத்தகத்தை விரிக்க முடியவில்லையே என்று வருந்தும் அன்பர்கள், நின்றபடியே நேற்றைய பாடத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கலாம். படிப்பில் அதுவே சிறந்த பகுதி.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். இப்பாடம் வெளிமாநிலங்களில் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கிடைக்கிறது. படிப்போர் தமக்கென ஒரு குறிப்பேடு வைத்து, கற்கும் கருத்துகளைத் தமிழில் எழுதிவருவது நன்று. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் சற்றுப் பற்று அதிகம் என்பதை ஒப்புகிறோம். ஆனால் காரணமும் உண்டு. மனவெழுச்சி, புலன்காட்சி, நுண்ணறிவு, ஊக்கல் என்று பாடநூற்சொற்கள் தமிழில் அமைந்திருக்கின்றன; உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை எட்டு வகையாக வகுத்துப் பேசிய மெய்ப்பாட்டியல் தொல்காப்பியத்திலேயே உண்டு. அதைவிட முக்கியமானது, ‘மனசு சரியில்லை’, ‘நெஞ்சு அடைக்கிறது’ என்று நம் வீட்டுப் பாட்டி சொல்வது எந்தத் துன்பத்தைக் குறிக்கிறது என்று பிரித்தறிதல். இந்தி மட்டுமே அறிந்த மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்லும் பிள்ளை, இச்சொற்களை எவ்வாறு பெயர்ப்பது என்று தவிப்பதை வடநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் அறியும்.

2015-16-இல் பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் நிலையம் பல மாநிலங்களில் எடுத்த கணக்கில், வயதுவந்தோருள் 10.6 சதவிகிதத்தினர் அப்போது ஏதேனும் ஒரு மனநலக் குறைவுக்கு உள்ளாகியிருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் மத்திய அரசு ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசி உதவியைத் தொடங்கிற்று. 14416 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். இருபது மொழிகளில் உதவி தரும் அதில் தமிழும் ஒன்று. பட்டம் பெற்றவராயினும் பெறாதவராயினும், அண்டை வீட்டார் ஒருவர் இரவில் உறக்கமின்றித் தவிப்பதைக் கண்டால், அவர் பக்கத்தில் அமர்ந்து அந்த எண்ணை அழைத்து, தமிழ் மொழியைத் தேர்ந்து கொடுத்துவிட்டு வரலாம். அதற்கு மானியக் குழுவின் அனுமதி வேண்டியதில்லை.