மே மாதத்தில் சான் ஹொசே

மெக்சிகோவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் குறுகிய நிலப்பகுதி நடு அமெரிக்கா ஆகும். அங்குள்ள ஏழு நாடுகளுள் ஒன்று கோஸ்ட்டா ரிக்கா. ஸ்பானிய மொழியில் இப்பெயருக்கு ‘வளமான கரை’ என்பது பொருள். அந்நாட்டின் தலைநகர் சான் ஹொசே. இந்தியாவில் வாழும் ஒரு குடும்பம் மே மாத விடுமுறையில் அங்குச் செல்ல விரும்பினால், எவற்றை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்?

அட்சக்கோடு மட்டும் போதுமா?

உலகப்படத்தை விரித்துப் பார்ப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. மதுரையும் சான் ஹொசேயும் ஏறத்தாழ ஒரே அட்சக்கோட்டில், நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் அமைந்துள்ளன. ஆதலால் மே மாதத்து மதுரை வெயிலை அறிந்தவர், சான் ஹொசேயும் அவ்வாறே காயும் என்று கருதக்கூடும். ஆனால், மதுரை சமவெளி நகரம். சான் ஹொசேயோ மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,170 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெங்களூரைவிட அது உயரமான நகரம். ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும். மே மாதத்து மேகமும் மழையும் அதனுடன் சேர்வதால், அங்குப் பகல் வெப்பம் பெரும்பாலும் 27 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும்.

இரண்டே பருவங்கள்

ஐரோப்பாவில் மே மாதம் இளவேனிலின் பிற்பகுதியாகும். சான் ஹொசேயில் இளவேனிலும் இல்லை; இலையுதிர் காலமும் இல்லை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். அந்நாட்டு மக்கள் வறண்ட காலத்தைக் ‘கோடை’ என்றும், மழைக்காலத்தைக் ‘குளிர்காலம்’ என்றும் தம் மொழியில் வழங்குகின்றனர். எனவே, நமக்குக் கோடையான மே மாதத்தில் அவர்களுக்குக் ‘குளிர்காலம்’ தொடங்குகிறது.

இதற்குக் காரணம் காற்றும் மலையுமே. வறண்ட காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று, கரீபியக் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலைத்தொடர் அதனைத் தடுக்க, மழை கரீபியச் சரிவிலேயே பெய்து தீர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றால் கேரளம் நனையும்போது, மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறம் மழை குறைவாக இருப்பதும் இவ்வாறே. மே மாதத்தில் வியாபாரக் காற்று வலுக்குறைகிறது. அப்போது பசிபிக் பெருங்கடலின் ஈரக்காற்று உள்ளே நுழைந்து மழையைத் தருகிறது.

கோஸ்ட்டா ரிக்காவின் தேசியப் பறவை யிகுயிர்ரோ. அது பகட்டான வண்ணங்கள் இல்லாத பழுப்பு நிறப் பறவை. மழைக்காலம் நெருங்கும்போது அது ஓயாமல் பாடும். அப்பாட்டே மழையை அழைக்கிறது என்று அந்நாட்டு உழவர் கூறுவர்.

நாளை வகுத்தல்

மழைக்காலம் என்பதால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. பெரும்பாலான நாள்களில் காலை வேளை தெளிவாக இருக்கும். நண்பகலுக்குப் பின்னரே மேகம் திரண்டு மழை பொழியும். ஆகவே, திறந்தவெளி இடங்களைக் காலையிலும், கூரையுள்ள இடங்களைப் பிற்பகலிலும் காணுமாறு திட்டமிடலாம். 3,432 மீட்டர் உயரமுள்ள இராசு எரிமலைக்கு விடியலிலேயே புறப்படுதல் நன்று. உச்சியில் குளிர் மிகுதி. கம்பளிச் சட்டை தேவைப்படும்.

பிற்பகலில் 1897ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய நாடக அரங்கையும், நகரச் சதுக்கத்தின் அடியில் நிலத்தடியில் அமைந்த பொன் அருங்காட்சியகத்தையும் காணலாம். தேசிய அருங்காட்சியகம் முன்பு படைவீரர் தங்கிய கோட்டையாக இருந்தது. 1948இல் கோஸ்ட்டா ரிக்கா தன் இராணுவத்தையே கலைத்துவிட்டது. அதன்பின் அக்கோட்டை அருங்காட்சியகத்திற்கு அளிக்கப்பட்டது. அதன் சுவர்களில் துப்பாக்கிக் குண்டுகளின் தழும்புகளை இன்றும் காணலாம்.

புறப்படுமுன்

இந்தியாவிலிருந்து சான் ஹொசேக்கு நேரடி வானூர்தி இல்லை. வழியில் வேறு நாட்டில் இறங்கி மாற வேண்டும். அந்நாட்டின் நுழைவு விதிகளையும் கேட்டறிதல் இன்றியமையாதது. சான் ஹொசேயின் நேரம் இந்திய நேரத்திற்கு 11 மணி 30 நிமிடம் பிற்பட்டது. தில்லியில் நண்பகல் 12 மணி எனில், அங்கு நள்ளிரவு 12.30. தாத்தா பாட்டியை அழைத்துப் பேசுவோர் இதனை மறத்தலாகாது.

முகவரி கூறும் முறையும் அங்கு வேறு. கதவு எண்ணைக் கூறாமல், ‘தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் வடக்கே’ என்பதுபோல் அடையாளம் கூறுவர். ‘100 மீட்டர்’ என்றால் ஒரு தெருப்பகுதியின் நீளம் என்று கொள்ள வேண்டும். தங்கும் விடுதியின் அருகிலுள்ள அடையாளத்தை எழுதி வைத்துக்கொண்டால் வழி தவறாது.

நாட்காட்டி எல்லா நாட்டிற்கும் ஒன்றே. பருவமோ ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி. செல்லும் ஊரின் உயரம், காற்று, வழக்கம் ஆகியவற்றை அறிந்த பின் பெட்டியை அடுக்குபவரே குடையையும் கம்பளியையும் மறவாமல் எடுத்துச் செல்வர்.

பயிற்சி

1. மதுரையும் சான் ஹொசேயும் ஒரே அட்சக்கோட்டில் இருந்தும் வெப்பத்தில் வேறுபடுவது ஏன்?
2. எரிமலையைக் காலையிலும் அருங்காட்சியகத்தைப் பிற்பகலிலும் காண்பது ஏன் சிறந்தது?
3. சான் ஹொசேயில் மாலை 6 மணி எனில், இந்தியாவில் மணி என்ன?
4. உம் வீட்டிற்கு வரும் வழியைக் கதவு எண் கூறாமல் ஐந்து தொடர்களில் எழுதுக.