மலைமுகட்டில் மறைபொருள் தேடல்

2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், செயற்கைக் கோள்களைக் கொண்டு இடமறியும் ஜி.பி.எஸ். முறையில் தானே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் நீக்கியது. மே 3-ஆம் தேதியே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் வாளியொன்றை மறைத்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை வெளியிட்டார். 'ஜியோகேச்சிங்' என்னும் தேடல் விளையாட்டு இவ்வாறு பிறந்தது. மலைகளில் மறைத்த பேழைகளைத் தேடுவது இதில் கடினமானதொரு பகுதியாகும்.

இதற்குக் காரணம் யாது? இடத்தையும் உயரத்தையும் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக் கோள்களின் அலைகள் கருவியை எட்டுதல் வேண்டும். பாறைச் சுவர்கள் சில அலைகளைத் தடுக்கின்றன. வேறு சில, பாறையில் மோதித் திரும்பித் தாமதமாக வருகின்றன. அதனால் கணக்கு பிழைபடுகிறது. மேலும், காலுக்குக் கீழிருந்து அலை எதுவும் வருவதில்லை. ஆகவே உயரத்தில் நேரும் பிழை, கிடைநிலைப் பிழையினும் மிகுதியாக இருப்பது வழக்கம்.

சமவெளியில் பத்து மீட்டர்ப் பிழை பொருட்டன்று. செங்குத்துப் பாறையின் விளிம்பிலோ அதுவே உயிருக்கு உலை வைக்கும். கருவி காட்டுவது நேர்கோட்டுத் தொலைவே. இடையிலுள்ள பள்ளத்தை அது கணக்கில் கொள்வதில்லை. கடுங்குளிரில் மின்கலத்தின் வலிமையும் குன்றும்.

எனவே, சமவுயரக் கோடுகள் வரைந்த படத்தை முன்னதாகவே ஆராய்ந்து, ஏறும் வழியையும் இறங்கும் வழியையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். உயரம் அறிந்த ஓரிடத்தில் சரிசெய்யப்பட்ட காற்றழுத்த உயரமானியை உடன் கொள்வது நலம்.

ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு வெட்டவெளியில் ஓரிடத்தையும், கட்டடச் சுவரையொட்டி ஓரிடத்தையும் பத்துப் பத்து முறை அளக்கச் செய்து, அளவுகள் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதை ஒப்பிட்டுக் காட்டலாம். கருவியின் எல்லையை உணர்ந்த மாணவன், மலையில் அடியெடுத்து வைக்குமுன் கண்ணால் நோக்கவும் கற்றுக்கொள்வான்.