பூமிக்கடியில் போரிட்டவர்களைத் தேடும் பேரப்பிள்ளைகள்

பிரான்ஸின் வடகோடியில், லா பாஸே நகரத்துக்குப் பக்கத்தில் கிவென்ஷி என்றொரு சிற்றூர் இருக்கிறது. முதல் உலகப் போரில் பூமிக்கடியில் சுரங்கம் தோண்டிப் போரிட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு 2010 ஜூன் 19 அன்று அங்கே ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. போர் முடிந்து 92 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வீரர்களின் குடும்பத்தாரும் வந்து நின்றார்கள். தாத்தாவின் முகத்தைக்கூடப் பார்த்திராத தலைமுறை அது.

அந்த ஊருக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1914 இறுதியில் இரு தரப்பும் பதுங்குகுழிகளில் முடங்கிப்போயின. தலையைத் தூக்கினால் குண்டு பாயும். மேலே போக வழியில்லாததால் கீழே போனார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 20 அன்று, கிவென்ஷி பக்கத்தில் பதுங்குகுழிகளில் இருந்த இந்தியப் படையின் சிர்ஹிந்த் பிரிகேடின் காலடியில் ஜெர்மானியர்கள் 10 வெடிகளைப் புதைத்து வெடிக்கச் செய்தார்கள். பிரிட்டிஷ் படைக்கு எதிராக ஜெர்மனி நடத்திய முதல் சுரங்கத் தாக்குதல் அது. பிரிட்டன் அவசர அவசரமாகச் சுரங்கப் படை திரட்டியதற்கு அதுவே காரணம். இந்தியச் சிப்பாய்கள் கொடுத்த விலையிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

1915 பிப்ரவரியில் ஜான் நார்ட்டன் கிரிஃபித்ஸ் என்ற பொறியாளர் மான்செஸ்டரில் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களைச் சில நாட்களுக்குள் போர்முனைக்கு அழைத்துவந்தார். அவர்கள் தோண்டும் விதம் தனி. சரிவாக நிறுத்திய மரச் சட்டத்தில் ஒருவர் மல்லாந்து சாய்ந்து, இரண்டு கால்களாலும் மண்வெட்டியைக் களிமண்ணுக்குள் உதைத்துச் செருகுவார். பெயர்ந்து வரும் மண்ணை இரண்டாமவர் சாக்கில் அள்ளுவார். மூன்றாமவர் அதைச் சிறு வண்டியில் ஏற்றி வெளியே தள்ளிப்போவார். குந்தாலி ஓங்கினால் சத்தம் கேட்கும். இதில் அநேகமாகச் சத்தமே வராது. சத்தம் வராததுதான் உயிர். ஏனென்றால் சில அடி தூரத்தில் எதிரியும் தோண்டிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு இருப்பான். அவன் முந்திக்கொண்டால் சுரங்கமே சமாதி. விஷவாயு வருகிறதா என்று பார்க்கக் கூண்டில் கேனரிப் பறவையும் எலியும் கூடப் போகும். இந்த வேலைக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் கூலி. காலாட்படைச் சிப்பாயின் சம்பளத்தைப் போலப் பல மடங்கு.

வில்லியம் ஹாக்கெட் அப்படிப் போனவர்களில் ஒருவர். நிலக்கரிச் சுரங்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். வயது அதிகம் என்று காலாட்படை அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. சுரங்கப் படை சேர்த்துக்கொண்டது. 1916 ஜூன் 22 அதிகாலை ஜெர்மானியர் வைத்த பெருவெடி கிவென்ஷியில் அவர் இருந்த சுரங்கத்தை மூடியது. ஐந்து பேர் உள்ளே சிக்கினர். 20 மணி நேரம் தோண்டிய பிறகு மீட்புக் குழு ஒரு சிறு துளை போட்டது. மூன்று பேரை அதன் வழியே வெளியேற்ற உதவிய ஹாக்கெட், தான் வெளியேறவில்லை. பலத்த காயத்துடன் கிடந்த 22 வயது தாமஸ் காலின்ஸை விட்டுவிட்டு வர மறுத்தார். மண் மீண்டும் சரிந்தது. ஹாக்கெட்டுக்கு அப்போது வயது 43. சுரங்க வீரர்களில் விக்டோரியா கிராஸ் வீர விருது பெற்றவர் அவர் ஒருவரே. நண்பனுக்காக உயிர் கொடுத்த கதைகள் நம்மிடம் எத்தனையோ உண்டு. இந்த மனிதர் அதைச் செய்தது தன் பிள்ளை வயதுள்ள ஒருவனுக்காக.

ஹாக்கெட் பெயராவது ஆவணத்தில் நின்றது. மற்றவர்களுடைய நிலை அதுவல்ல. வேலையே ரகசியம் என்பதால் அதைப் பற்றி வீட்டுக்கு எழுதவும் முடியாது. படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகளில் அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கும்; சிப்பாய்கள் பெரும்பாலும் ‘பிற நிலையினர் இருவர் பலி’ என்ற வெறும் எண்ணிக்கைதான். போதாக்குறைக்கு, 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த ஜெர்மானியக் குண்டு, ஆவணக் கிடங்கில் இருந்த சிப்பாய்களின் பணிப் பதிவேடுகளில் பாதிக்கும் மேலானவற்றை எரித்துவிட்டது. அதனால்தான் பேரப்பிள்ளைகளின் தேடல் இவ்வளவு கடினம். பதக்கப் பட்டியலில் ஒரு எண்ணை எடுத்து, அதைப் படைப்பிரிவோடு பொருத்தி, அந்தப் பிரிவின் நாட்குறிப்பில் குறிப்பிட்ட தேதியைப் புரட்டி, ‘இருவர் பலி’ என்ற வரியில் ஒருவர் நம் தாத்தா என்று கண்டுபிடிக்க வேண்டும். என்னைக் கேட்டால், அந்த ஒற்றை வரியைக் கண்டுபிடிப்பதும் நினைவஞ்சலிதான்.

பிரான்ஸின் அராஸ் நகரில் நிலைமை சற்று நல்லது. நியூஸிலாந்தின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் சேர்ந்த படைப்பிரிவு, அந்த ஊருக்கடியில் இருந்த பழைய சுண்ணாம்புக்கல் குழிகளைச் சுரங்கப் பாதைகளால் இணைத்தது. வெலிங்டன், நெல்சன், பிளென்ஹைம் என்று சொந்த ஊர்ப் பெயர்களைக் குழிகளுக்கு வைத்தார்கள். 1917 ஏப்ரல் 9 தாக்குதலுக்கு முன் ஆயிரக்கணக்கான வீரர்கள் அங்கே தங்கினார்கள். 2008 முதல் வெலிங்டன் குழி அருங்காட்சியகம். சுவரில் அன்று கிறுக்கிய எழுத்துகளும் படங்களும் இன்றும் அழியவில்லை.

கிவென்ஷியில் மண் சரிந்த அந்தச் சுரங்கம் திறக்கப்படவே இல்லை. ஹாக்கெட்டும் காலின்ஸும் சுமார் 12 மீட்டர் ஆழத்தில் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். ஹாக்கெட்டின் பெயர் பெல்ஜியத்தில் பிளூக்ஸ்டீர்ட் நினைவிடத்திலும், காலின்ஸின் பெயர் பிரான்ஸில் தியெப்வால் நினைவிடத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. கிவென்ஷிக்குப் பத்து கிலோமீட்டருக்குள்தான் நவ் சாப்பெல் நினைவிடம். கல்லறை இல்லாத 4,700-க்கும் அதிகமான இந்தியப் போர்வீரர்கள், தொழிலாளர்களின் பெயர்கள் அங்கே உள்ளன. பாரிஸில் வாழும் தமிழர்கள் ஒரு நாள் ஒதுக்கிக் காரில் போனால் கிவென்ஷி, நவ் சாப்பெல் இரண்டையும் பார்த்துவிடலாம். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.