போக்குவரத்து ஒப்பீடும் வன்னிப் பெருநிலமும்

நாடுகள் போக்குவரத்துத் துறையில் எத்துணை முன்னேறியுள்ளன என்பதை அறிய விழைவோர் பெரும்பாலும் பாதையின் நீளத்தையே முதற்கண் நோக்குவர். இலங்கையின் பரப்பு ஏறக்குறைய 65,600 சதுரக் கிலோமீற்றர். இருப்புப் பாதையின் நீளம் ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர். எனவே ஆயிரம் சதுரக் கிலோமீற்றருக்கு 23 கிலோமீற்றர் பாதை உளது. இந்தியாவில் ஏறத்தாழ 68,000 கிலோமீற்றர் பாதை இருப்பினும், அதன் பரந்த நிலத்துக்குப் பகுத்து நோக்கின் 21 கிலோமீற்றரே வரும். இக்கணக்கின்படி நாம் பாரதத்துக்குச் சற்று மேலே நிற்கின்றோம்! மகிழ்வதற்கு முன் இதனை வன்னி மண்ணில் வைத்துச் சோதித்தல் நன்று.

வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்னும் ஊர்களைக் காட்டினூடே இணைத்துச் செல்லும் வடபாதை 1905ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பெற்றது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990இல் போர் காரணமாக வவுனியாவுக்கு வடக்கே சேவை நின்றது. பின்னர் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. இந்தியக் கடனுதவியுடன் பாதை மீள அமைக்கப்பட்டு, 2013 செப்டெம்பரிலேயே கிளிநொச்சிக்குப் புகையிரதம் மீண்டது. இடையில் கழிந்தவை இருபத்து மூன்று ஆண்டுகள். ஒரு தலைமுறை புகையிரதத்தைக் காணாமலே வளர்ந்தது.

வவுனியாவுக்கு வடக்கேயுள்ள பாதை ஏறக்குறைய 160 கிலோமீற்றர். அதனை மட்டும் மேற்கூறிய 1,500இலிருந்து கழித்துப் பார்ப்போம். ஆயிரம் சதுரக் கிலோமீற்றருக்கு 20 கிலோமீற்றருக்குச் சிறிது மேல் வரும். அஃதாவது இந்தியாவின் நிலையை ஏறக்குறைய ஒத்தது. நாட்டுக் கணக்கில் பத்திலொன்று குறையும். கிளிநொச்சிக்கோ முழுவதுமே இல்லையாகும். சராசரி என்பது இத்தகைய இழப்பையும் ஓசையின்றி விழுங்கவல்லது.

நீளத்தை விடுத்துப் பயனை அளந்தால் வரிசையும் மாறும். சுவிற்சர்லாந்தில் ஒருவர் ஆண்டொன்றில் சராசரியாக 2,000 கிலோமீற்றருக்கு மேல் புகையிரதத்தில் பயணஞ் செய்கின்றார். இலங்கையிலோ சில நூறு கிலோமீற்றரே. இந்தியப் புகையிரதங்கள் ஆண்டுதோறும் 150 கோடி தொன்னுக்கு மேற்பட்ட சரக்கை ஏற்றுகின்றன. நம் நாட்டிற் சரக்கின் மிகப்பெரும் பகுதி லொறிகளிலேயே செல்கின்றது. இரணைமடுக் குளத்து நீரில் விளைந்த நெல்லும் பெரும்பாலும் அவ்வழியே செல்கின்றது.

முல்லைத்தீவு நகருக்கு இருப்புப் பாதை சென்றதேயில்லை. மாங்குளத்தில் இறங்குபவர் மேலும் ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தெருவழியே செல்லவேண்டும். ஆதலின், ஐக்கிய நாடுகள் சபையின் அளவுகோல்களுள் ஒன்றை யான் பெரிதும் மதிக்கின்றேன். எக்காலநிலையிலும் பயன்படும் தெருவிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் வாழும் கிராம மக்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே அது கேட்கும் வினா. நாட்டளவிலன்றி மாவட்டந்தோறும் இதனைக் கேட்பின், மாரியில் வெள்ளம் மூடும் துணுக்காய், ஒட்டுசுட்டான் பகுதிக் கிரவற் பாதைகள் அக்கணக்கில் இடம்பெறமாட்டா.