டர்போவுக்கு ஈடுகொடுத்த கியர் பெட்டி
எண்ணெய் கெட்டால் எல்லாம் கெட்டது!

நள்ளிரவு நேரம். ரெயில் நிலையத்தை அடுத்த யார்டில் சரக்கு வேகன்கள் வரிசையாக நிற்கின்றன. மூன்று ஜோடி சக்கரங்கள் கொண்ட சிறிய டீசல் என்ஜின் ஒன்று வந்து மெல்ல முட்டி நிற்கிறது. பாயிண்ட்ஸ்மேன் குனிந்து உள்ளே போய், கொக்கியை மாட்டிவிட்டு வெளியே வந்து விளக்கைக் காட்டுகிறார். டிரைவர் கைப்பிடியைத் திருகுகிறார். என்ஜின் உறுமுகிறது. ஆனால் சக்கரம் உடனே சுழலவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு இணைப்புகள் ஒவ்வொன்றாக இறுகி, அத்தனை வேகன்களும் குலுக்கல் இல்லாமல் நகர்கின்றன.

டிரைவர் கிளட்சை மிதிக்கவில்லை. கியரும் மாற்றவில்லை. எல்லாவற்றையும் எண்ணெய் செய்துவிட்டது.

இன்று டர்போ என்ஜினும் ஆட்டோமேட்டிக் கியரும் உள்ள கார்கள் பெங்களூர் வீதிகளில் சர்வசாதாரணம். அந்தக் கார்களின் கியர் பெட்டி எதனால் சாகிறது, எதனால் பிழைக்கிறது என்ற பாடத்தை ரெயில்வே யார்டுகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே படித்துவிட்டன.

இரண்டு மின்விசிறிகள்

மேஜை மின்விசிறிகள் இரண்டை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அதன் காற்று பட்டு மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய், விசிறிக்குப் பதில் இரும்பு இறக்கைச் சக்கரம். நடுவில் எண்ணெயின் திசையைத் திருப்பிவிட மூன்றாவது சக்கரம் ஒன்று. அதுதான் டார்க் கன்வெர்ட்டர். ஜெர்மன் என்ஜினீயர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பல் டர்பைனின் வேகத்தைக் குறைத்து ப்ரொப்பெல்லருக்குக் கொடுப்பதற்காகவே அவர் இதை உருவாக்கினார். பின்னால் அது ரெயிலுக்கும் பஸ்சுக்கும் காருக்கும் வந்தது.

இதில் இரண்டு நன்மைகள். சக்கரம் அசையாமல் நிற்கும்போதுகூட என்ஜின் ஓடலாம். அந்த நேரத்தில் என்ஜினின் முறுக்கு விசையை அது இரண்டு, மூன்று மடங்காகப் பெருக்கியும் கொடுக்கும். கனமான வண்டி அசையத் தொடங்கும்போது இதைவிட வேறு என்ன வேண்டும்?

டர்போ என்ஜினுக்கு இது இன்னும் பொருத்தம். டர்போ சார்ஜர் என்பது புகையின் வேகத்தால் சுழன்று, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி. என்ஜின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு. எனவே காற்றும் குறைவு. வேகம் ஏறியதும் சக்தி திடீரென்று வெள்ளம் போலப் பாயும். அந்த வெள்ளத்தை இரும்புப் பல் சக்கரம் நேராக வாங்கினால் பல் உடையும். எண்ணெய் வாங்கினால் அடி மெத்தையில் விழுந்த மாதிரி.

450 இஸ்திரிப் பெட்டிகள்!

நன்மை இவ்வளவு என்றால், விலை என்ன? சூடு!

600 குதிரைச் சக்தி என்பது ஏறக்குறைய 450 கிலோவாட். என்ஜின் அந்தச் சக்தியைக் கொடுத்துக்கொண்டிருக்க, சக்கரத்தை அசையவிடாமல் பிடித்து வைத்தால் அத்தனையும் எண்ணெயில் சூடாக இறங்கும். வீட்டில் உள்ள ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் 450-ஐ ஒரே எண்ணெய்த் தொட்டிக்குள் போட்டு சுவிட்சைத் தட்டிய கதைதான். வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் கன்வெர்ட்டர் தன் வழியே போகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கினால், 90 இஸ்திரிப் பெட்டிகள் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும்.

சூடான எண்ணெய் கெட்டுப்போகும். பத்து டிகிரி சூடு கூடினால் எண்ணெய் கெடும் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது என்ஜினீயர்களின் கணக்கு. முதலில் நிறம் கறுக்கும். பிறகு தீய்ந்த வாடை வரும். ரப்பர் சீல்கள் இறுகி வெடிக்கும். எண்ணெய் கசியும், அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கிளட்ச் தட்டுகள் சரியாகப் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் மேலும் சூடு. பிறகென்ன? ஒன்று கெட்டு, அது இன்னொன்றைக் கெடுத்து, கடைசியில் பெட்டியே காலி!

அனுபவம் உள்ள ஃபிட்டர் அளவுகோலை உருவியதும் எண்ணெயின் மட்டத்தை மட்டும் பார்க்கமாட்டார். விரலில் தொட்டுத் தேய்த்து, மோந்தும் பார்ப்பார். காரணம் இதுதான்.

சூரி கண்ட வழி

"எண்ணெய் தேவைப்படும் வரை எண்ணெய், அதன் பிறகு இரும்பு." இந்தச் சிக்கலுக்கு ஒரு இந்தியர் கண்ட விடையைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்.

அவர் மன்மோகன் சூரி. ரெயில்வே மெக்கானிக்கல் என்ஜினீயர். அவர் உருவாக்கிய பெட்டிக்கு 'சூரி டிரான்ஸ்மிஷன்' என்றே பெயர். வண்டி புறப்படும்போது டார்க் கன்வெர்ட்டர் இழுக்கும். வேகம் வந்ததும் கன்வெர்ட்டர் விலகிக்கொள்ள, என்ஜினும் சக்கரமும் நேரடியாக இணைந்துவிடும். எண்ணெயில் கரையும் சக்தி மிச்சம், டீசல் மிச்சம், சூடும் குறைவு.

இதில் ஆபத்தான கட்டம், மாறும் அந்த ஒரு நொடிதான். சுழலும் இரண்டு தண்டுகளின் வேகம் ஒத்துப்போகாமல் இணைந்தால் வண்டியே அதிரும், கிளட்ச் தீயும். வேகத்தை ஒன்றாக்கிவிட்டு இணைப்பதில்தான் இத்தகைய பெட்டியின் ஆயுள் இருக்கிறது. இன்றைய ஆட்டோமேட்டிக் கார்களில் கன்வெர்ட்டரைப் பூட்டிவிடும் 'லாக்-அப்' ஏற்பாடும் இதே தத்துவம்தான்.

சூரிக்கு 1961-ல் பத்மஸ்ரீ விருதும், 1962-ல் பட்நாகர் பரிசும் கிடைத்தன. பிறகு துர்காப்பூரில் உள்ள மத்திய மெக்கானிக்கல் என்ஜினீயரிங் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குனராக இருந்தார். நம் விவசாயிகள் அறிந்த 'ஸ்வராஜ்' டிராக்டர் அந்த நிலையத்தில் உருவானதுதான்.

சித்தரஞ்சன் தொழிற்சாலை 1960-களின் பிற்பகுதியில் டபிள்யூ.டி.எஸ். 4 வகை ஷண்டிங் என்ஜின்களைக் கட்டத் தொடங்கியது. ஆறு சிலிண்டர், டர்போ சார்ஜர், ரகத்துக்குத் தக்கபடி 600 முதல் 700 குதிரைச் சக்தி. இவற்றில் சூரி பெட்டி பொருத்தப்பட்டவையும் உண்டு.

பெங்களூருக்கும் இதில் பங்கு உண்டு. வைட்பீல்டில் டீசல் ஹைட்ராலிக் என்ஜின்களைக் கட்டிய 'சான்' நிறுவனத்தின் பழைய பெயர் 'சூரி அண்ட் நாயர்'. மூன்று ஆங்கில எழுத்துகளில் முதல் எழுத்து சூரிக்கு உரியது. டார்ஜிலிங், மாத்தேரான் மலைப் பாதைகளுக்குச் சென்ற என்.டி.எம். 6 ரக சிறிய டீசல் என்ஜின்கள் இங்கே பிறந்தவைதான்.

பத்தோடு நின்றது ஏன்?

அப்படியானால் பெரிய என்ஜின்களுக்கும் எண்ணெய்ப் பெட்டியே போதுமே என்று கேட்கலாம். ரெயில்வே அதையும் பார்த்தது.

1970-ல் ஜெர்மனியின் ஹென்ஷெல் நிறுவனத்திடமிருந்து 10 பெரிய ஹைட்ராலிக் என்ஜின்கள் வந்தன. ஒவ்வொன்றும் 2,500 குதிரைச் சக்தி. பெயர் டபிள்யூ.டி.எம். 3. ஆந்திராவில் கூத்தி ஷெட் அவற்றின் வீடு. (பின்னாளில் வந்த டபிள்யூ.டி.எம். 3ஏ வேறு, அது மின்சார முறை.) ஆனால் அதற்கு முன்பே, 1964-ல், வாரணாசியில் டபிள்யூ.டி.எம். 2 தயாரிப்பு தொடங்கிவிட்டது. 2,600 குதிரைச் சக்தி கொண்ட அந்த டர்போ என்ஜினுக்குக் கியர் மாற்றும் பெட்டியே கிடையாது! டீசல் என்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும். ஜெனரேட்டர் தரும் மின்சாரம் மோட்டார்களைச் சுற்றும். ஆயிரக்கணக்கில் ஓடிய அந்த ரகத்துக்கு உதிரி பாகமும் உண்டு, தெரிந்த கைகளும் உண்டு. பத்தே பத்து என்ஜின் கொண்ட ரகம் அதனோடு போட்டி போட முடியுமா? ஹென்ஷெல் என்ஜின்கள் 1990-களில் ஓய்ந்துவிட்டன.

ஒரு யந்திரம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதைப் பழுதுபார்க்க ஆளும் பொருளும் பக்கத்தில் இருந்தால்தான் அது வாழும்.

பஸ்சிலும் காரிலும்

2006-ல் பெங்களூர் மாநகர பஸ் கழகம் வால்வோ பஸ்களை இறக்கியபோது, பல டிரைவர்களுக்கு கிளட்ச் இல்லாத வண்டி அதுவே முதல் அனுபவம். ஏழு லிட்டர் டர்போ டீசல்; ஆட்டோமேட்டிக் கியர். சில்க் போர்டு நெரிசலில் நாள் முழுவதும் நின்று நின்று புறப்படும் வண்டிக்கு, யார்டில் உழைக்கும் ஷண்டிங் என்ஜினின் கஷ்டங்கள் அத்தனையும் உண்டு.

காரில் என்ஜினின் சக்தியைக் கூட்டிக்கொள்ளும் மோகம் இன்று இளைஞர்களிடம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் சில எண்களை மாற்றினால் டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும். ஆனால் பின்னால் இருக்கும் பெட்டி பழைய பெட்டிதானே? அது பிழைக்க வேண்டுமானால் கிளட்ச் தட்டுகளை அழுத்தும் எண்ணெய் அழுத்தம் கூட வேண்டும். தட்டுகளின் எண்ணிக்கையோ தரமோ உயர வேண்டும். எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் பெரிதாக வேண்டும். கியர் மாறும் நொடியில் என்ஜின் தன் விசையைச் சற்றுத் தணித்துக்கொள்ள வேண்டும். இவற்றைச் செய்யாமல் சக்தியை மட்டும் கூட்டுவது, ஒற்றை மாட்டு வண்டியில் இரட்டைப் பாரம் ஏற்றுவது போல.

சாதாரணமாகக் கார் ஓட்டுபவர்களுக்கும் சில எச்சரிக்கைகள்:

மேட்டில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். பிரேக் எதற்கு இருக்கிறது?

வண்டி முழுமையாக நின்ற பிறகே பின்னோக்கும் கியரைப் போடுங்கள்.

"ஆயுள் முழுவதும் எண்ணெய் மாற்ற வேண்டாம்" என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள்! கையேட்டில் கடும் உழைப்புக்கென்று தனிக் கெடு இருந்தால், நெரிசல் ஊரில் ஓட்டுபவர்களுக்கு உரியது அதுதான். கையேட்டில் சொன்ன எண்ணெயைத் தவிர வேறு ஊற்றாதீர்கள்.

வெப்பமானி முள் ஏறினாலோ, எண்ணெயில் தீய்ந்த வாடை வந்தாலோ, "நாளை பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

யார்டில் இந்த அக்கறை வெறும் சிக்கனம் மட்டும் அல்ல. இரண்டு வேகன்களுக்கு நடுவே குனிந்து கொக்கி மாட்டுகிறாரே பாயிண்ட்ஸ்மேன், என்ஜின் ஒரு முழம் துள்ளினால் அவர் கதி என்ன? அவர் உயிர் டிரைவர் கையில். டிரைவரின் கை நம்பியிருப்பது அந்த எண்ணெயை.