மண்ணில் இருந்தும் மரச்சீனிக்கு எட்டாத செலினியம்

பனச்சமூட்டிலிருந்து வெள்ளறடை போகிற வழியில், வீடு கட்டுவதற்காக மேட்டை வெட்டிப் போட்டிருக்கும் இடம் ஏதாவது கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். மண் முழுக்கத் துளை துளையாக, சிவப்பும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும். தொட்டால் விரலில் காவி ஒட்டும். அந்தக் காவி இரும்பு. காலங்காலமாகப் பெய்த மழை சுண்ணாம்புச் சத்தையும் சாம்பல் சத்தையும் கழுவிக்கொண்டு போய், இரும்பையும் அலுமினியத்தையும் மட்டும் விட்டுவைத்த புளிப்பு மண் இது. 1956 நவம்பர் 1 அன்று பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் கேரளத்தோடும், விளவங்கோடு தமிழ்நாட்டோடும் போனது. எல்லைக்கு இரண்டு பக்கமும் ரப்பரும் வாழையும் மரச்சீனி என்கிற மரவள்ளியும் வளர்வது இதே செம்மண்ணில்தான்.

இந்த இரும்பின் பிடியில் சிக்கிக்கொள்ளும் சத்துகளில் ஒன்று செலினியம். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மைக்ரோகிராம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஒரு கிராமை 25,000 பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு. அது குறைந்தால் தைராய்டு சுரப்புநீரை உடம்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் நொதிகள் தடுமாறும். 1817-ல் சுவீடனின் பெர்சிலியஸ் கண்டுபிடித்த இந்தத் தனிமத்தை வெகுகாலம் விஷம் என்றுதான் நினைத்திருந்தார்கள். உயிருக்கு வேண்டிய சத்தும்கூட என்று தெரிந்தது 1957-ல்.

விசித்திரம் என்னவென்றால், பயிருக்கு இது தேவையே இல்லை. தேவைப்படாத ஒன்றை வேர் ஏன் உள்ளே விடுகிறது? ஆள்மாறாட்டம்தான் காரணம். செலினியமும் கந்தகமும் வேதியியலில் அண்ணன் தம்பி. காற்றோட்டமுள்ள, புளிப்பில்லாத மண்ணில் செலினியம் ‘செலினேட்’ வடிவில் இருக்கும். கந்தகத்துக்காக வேர் திறந்து வைத்திருக்கும் வழியில் அதுவும் நுழைந்துவிடும். இலை வரைக்கும் ஏறி, கந்தகம் உட்கார வேண்டிய அமினோ அமிலத்தில் தான் உட்கார்ந்து, புரதத்தோடு புரதமாகி மணிக்குள் போய்ச் சேரும். கந்தகக் கூட்டம் அதிகமானால் செலினேட்டுக்கு இடம் குறையும். ஃபாக்டம்பாஸ் உர மூட்டையில் 20-20-0-13 என்று போட்டிருக்குமே, அந்தக் கடைசி 13 கந்தகம்.

புளிப்பு மண்ணில் கதை வேறு. அங்கே செலினியம் பெரும்பாலும் ‘செலினைட்’ வடிவில் இருக்கிறது. செலினைட் இரும்புத் துகளைக் கண்டால் விடாமல் ஒட்டிக்கொள்ளும். தப்பி வரும் கொஞ்சத்தை வேர் பாஸ்பேட் வழியில் எடுத்தாலும், அதில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். தண்ணீர் தேங்கும் ஏலாக்களில், அதாவது பள்ளத்து நெல்வயல்களில், பிராணவாயு இல்லாமல் செலினியம் இன்னும் கரையாத வடிவத்துக்கு இறங்கிவிடுகிறது.

இதை மனிதர்களோடு சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் நடந்தது. தென்மேற்கு இலங்கையின் ஈர மண்டலம் மழையிலும் செம்மண்ணிலும் நம்முடைய இந்த மேற்குக் கரைக்கு உறவு. அங்கே தைராய்டு வீங்கும் முன்கழலை ஐம்பது ஆண்டுகளாக இருந்தது. அயோடின் உப்பு கொடுத்தும் போகவில்லை. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வாளர் ஃபியோனா ஃபோர்டைஸும் இலங்கையின் சி.பி. திசாநாயக்கவும் உள்ளிட்ட குழு 15 கிராமங்களில் மண்ணையும் அரிசியையும் குடிநீரையும் பெண்களின் தலைமுடியையும் சோதித்து, 2000-ல் முடிவை வெளியிட்டது. முன்கழலை அதிகமுள்ள ஊர்களின் மண்ணில்தான் செலினியமும் அயோடினும் அதிகமாக இருந்தன! மண்ணின் களியும் மக்கும் அவற்றைப் பயிருக்கு விடாமல் பிடித்து வைத்திருப்பதாகவே தெரிந்தது. அந்த ஊர்ப் பெண்களில் 40 சதவீதம் பேருக்குச் செலினியம் குறைவாக இருக்கலாம் என்று முடி காட்டியது. மற்ற ஊர்களில் 24 சதவீதம். கழலைக்கு இது ஒன்றே காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் மண்ணில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் அளந்தால் ஏமாந்து போவோம் என்பது அந்த 15 கிராமங்களில் தெளிவானது.

பஞ்சாபில் இதற்கு நேர் எதிர். நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சிவாலிக் மலையிலிருந்து அடித்து வந்த வண்டலில் செலினியம் மிகுந்துபோய், கோதுமை இலை வெளுத்தது. மாடுகளுக்குக் குளம்பு வெடித்தது. லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் தில்லான் என்ற பெயர்கொண்ட இரு ஆய்வாளர்கள் வயலுக்கு ஜிப்சம் போடச் சொன்னார்கள். அதிலுள்ள கந்தகம் செலினேட்டின் வழியை அடைத்தது.

நம் தட்டுக்கு வருவோம். 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பிய மரச்சீனி பஞ்ச காலங்களில் திருவிதாங்கூரின் உயிரைக் காத்தது. ஆனால் 100 கிராம் கிழங்கில் ஒன்றரை கிராம் புரதம்கூடக் கிடையாது. செலினியம் புரதத்தில் ஏறி வருவது என்பதால், கிழங்கில் அதைத் தேடிப் பயனில்லை. தொட்டுக்கொள்ளும் சாளையும் அயிலையும் கடலிலிருந்து அதைக் கொண்டுவந்து ஈடுகட்டுகின்றன. மீன் விலை ஏறி, வெறும் கிழங்கும் சோறுமாகச் சாப்பிடும் வீடுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

2015-ல் தொடங்கிய மத்திய அரசின் மண்வள அட்டையில் 12 கட்டங்கள் இருக்கின்றன. துத்தநாகம், போரான் எல்லாம் உண்டு. செலினியம் இல்லை. எல்லையோர ஊர்களிலாவது விளைந்த நெல்லில் அதை அளந்து பார்க்க வேண்டும். புளிப்பைக் குறைக்க விவசாயிகள் போடும் சுண்ணாம்பு, இரும்பிடமிருந்து செலினைட்டைக் கொஞ்சம் விடுவிக்கும். அந்த மாற்றத்தையும் சேர்த்தே அளக்கலாம். அளக்காமல் செலினியத்தை உரமாகத் தூவக் கூடாது, ஏனென்றால் பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகியது. 1984-ல் உரத்தில் செலினியம் கலக்க முடிவெடுத்த பின்லாந்து, தானியத்தையும் பாலையும் மனித ரத்தத்தையும் விடாமல் சோதித்தது. அளவு கூடிப்போனது தெரிந்ததும் 1990-ல் கலப்பதைக் குறைத்தது. குறைந்து போனதும் 1998-ல் மறுபடி கூட்டியது.